கொசுவின் பூர்வீகம்



மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் சபையாரில் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கொசுவினால் காய்ச்சல் வருகிறது என்பது நூறு வருஷங்களுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். மருந்து அடித்துக் கொசுவை ஒழித்தால் போயிற்று. கொசுவின் மரபணுவை வேறு ஆராய வேண்டுமா? அந்தப் பணத்தில் இன்னும் நாலு ஏழைகளுக்கு வைத்தியம் செய்யலாமே?" என்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். விதவையின் இரண்டு காசுகளுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட நாம், இதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சுருக்கமாகச் சொன்னால் பதில் இதுதான். கொசு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது பல பிராணிகளை. அவற்றில் நோயைச் சுமப்பது எது, சுமக்காதது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. தெரியாமல் மருந்து அடித்தால், பணமும் உழைப்பும் தவறான கொசுவின்மேல் செலவாகும். நோயைச் சுமக்கிற கொசுவோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் மரபணு அடையாளம். அது எப்படி என்று இந்த இதழில் விளக்குகிறோம்.

நம் ஊரின் கொசுக்கள்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் முன்கட்டில் குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். குழி இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். பகலில் ஒளிந்திருக்க இருட்டைத் தேடும் கொசுவுக்கு அது வசதியான இடம். கண்ணும் கையும் பாவிலும் நாடாவிலும் இருக்கும்போது, காலில் என்ன கடிக்கிறது என்று குனிந்து பார்க்க நெசவாளருக்கு நேரம் ஏது?

அந்தத் தெருவின் சாக்கடையிலும் கழிவுநீர் தேங்கும் பள்ளத்திலும் வளர்வது க்யூலெக்ஸ் கொசு. இரவில் கடிக்கும். யானைக்கால் நோயின் புழுவைச் சுமப்பது இதுதான். வீட்டுக்குள் மூடாமல் வைத்த ட்ரம், தொட்டி, கொல்லையில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்வது ஏடிஸ். உடலில் வெள்ளை வரிகள் உள்ள இந்தக் கொசு பகலில் கடிக்கும். டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும். மாடியிலுள்ள மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரக்கூடியது அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சி. இது நகரத்து மலேரியாக் கொசு. ஊருக்கு வெளியே, ஏரிப் பாசன வாய்க்கால்களிலும் வயல்களிலும் மணற்குழிகளிலும் வளர்வது அனோஃபிலிஸ் குலிசிஃபேசீஸ். இது கிராமத்து மலேரியாக் கொசு.

இந்த அளவுக்குப் பிரித்தறிய மரபணு தேவையில்லை. பழகிய சுகாதாரப் பணியாளர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துச் சொல்லிவிடுவார். அனோஃபிலிஸ் உட்காரும்போது பின்புறம் தூக்கி நிற்கும். க்யூலெக்ஸ் சுவரோடு ஒட்டினாற்போல் உட்காரும். சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மிஷன் மருத்துவமனைக்கும் பங்கு உண்டு

கொசுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் வெளிப்பட்ட கதையில் மிஷன் மருத்துவமனை ஒன்றுக்கும் இடமுண்டு என்பதை நம் ஆதரவாளர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சீன தேசத்தின் அமாய் துறைமுகத்தில் சுங்க இலாகாவின் வைத்தியராக இருந்தார். அங்கிருந்த மிஷன் மருத்துவமனையிலும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். யானைக்கால் நோயாளிகள் ஏராளமாக வந்தார்கள். இரத்தத்தில் காணப்பட்ட நுண்புழு கொசுவின் வயிற்றுக்குள் சென்று வளர்வதை அவர் 1877-இல் கண்டறிந்தார். ஒரு பூச்சியின் உடலில் மனித நோயின் கிருமி வளர்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

அவருடைய ஊக்கத்தினால் ஆராய்ச்சியில் இறங்கிய ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எதிரி இன்னது என்று தெரிந்தவுடன் போர் தொடங்கியது. இந்தியா சுதந்திரம் பெற்ற 1947-இல் வருஷத்துக்கு ஏறக்குறைய 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 8 லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடுவீடாக டி.டி.டி. அடிக்கப்பட்டது. 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 1 லட்சமாகக் குறைந்தது. மலேரியா ஒழிந்தது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் 1976-இல் அது 64 லட்சமாகத் திரும்பி வந்தது.

காரணங்கள் பல. மருந்தும் பணமும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, கண்காணிப்பு தளர்ந்தது, கொசுக்களில் பல டி.டி.டி.க்குச் சாகாமல் பழகிவிட்டன. இவற்றோடு இன்னொரு புதிரும் இருந்தது. ஒரே கொசு, ஒரே மருந்து, ஒரே மாதிரி கிராமங்கள். அப்படியிருந்தும் ஓரிடத்தில் மலேரியா இருந்தது, வேறோரிடத்தில் இல்லை. ஏன்?

ஒரே முகம், வேறு வேறு இனம்

1980-இல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. குலிசிஃபேசீஸ் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட கொசுவுக்குள் குறைந்தது இரண்டு இனங்கள் மறைந்திருப்பதை கிரீன், மைல்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். இறக்கை, கால், நிறம் எதிலும் வித்தியாசமில்லை. ஆனால் ஓர் இனம் மற்றதோடு கூடி இனம் பெருக்குவதில்லை. ஏ இனம், பி இனம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் டெல்லியிலுள்ள மலேரியா ஆராய்ச்சி மையத்தில் சரளா சுப்பாராவும் அவருடைய சக விஞ்ஞானிகளும் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். சி, டி என்ற இனங்களும் வெளிப்பட்டன. இன்று தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது அந்த மையம்தான்.

இவற்றின் சுபாவம் ஒன்றல்ல. பி இனம் பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தையே நாடும். மனிதனுக்கு மலேரியாவைக் கொண்டுவருவது மிக அரிது. ஏ, சி, டி இனங்களோ மலேரியாவைப் பரப்பக்கூடியவை. ஒரு கிராமத்தில் பிடித்த கொசு அத்தனையும் பி இனமாக இருந்தால், அங்கே வீடுவீடாக மருந்து அடிப்பதில் பெரிய பிரயோஜனமில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஏ இனம் இருந்தால், ஒரு வீட்டையும் விடக்கூடாது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு கிராமமும் ஒன்றுதான்.

அட்டையில் ஒரு துளை

மரபணு அடையாளம் என்றால் என்ன? காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்குவது சுலபம்.

பட்டுப் புடவையின் கரையிலும் முந்தானையிலும் மயிலும் மாங்காயும் எப்படி விழுகின்றன? தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. ஆக, புடவையின் டிசைன் முழுவதும் அந்த அட்டைகளில் எழுதப்பட்டிருக்கிறது. உயிருள்ள ஒவ்வொன்றின் உடலுக்கும் இப்படிப்பட்ட அட்டைகள் உண்டு. டி.என்.ஏ. என்று விஞ்ஞானிகள் சொல்வது அதைத்தான். தாயும் தகப்பனும் தங்கள் அட்டைகளின் நகலைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்.

அட்டை குத்துகிறவர் ஓரிடத்தில் ஒரு துளையைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மயிலின் தோகையில் ஒரே ஒரு புள்ளி இடம் மாறி விழுகிறது. புடவைக்குக் குறையில்லை, வாங்குகிறவர் கவனிக்கவும் மாட்டார். ஆனால் அந்த அட்டையில் நெய்த ஒவ்வொரு புடவையிலும் அதே புள்ளி அதே இடத்தில் தவறி நிற்கும். அந்த அட்டையைப் பார்த்து ஒருவர் நகல் எடுத்து ஆரணிக்குக் கொண்டுபோனால், ஆரணியில் நெய்யும் புடவையிலும் அது இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு புடவையைக் கையில் எடுக்கும் அனுபவசாலி, "இது இந்த அட்டையில் வந்தது" என்று பூர்வீகம் சொல்லிவிடலாம்.

மரபணு அடையாளம் என்பது இந்த இடம் மாறிய துளைதான். கொசுவின் உயிருக்கு அதனால் லாபமோ நஷ்டமோ பெரும்பாலும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அது நகலாகி வருகிறது. ஒரே அடையாளங்கள் உள்ள கொசுக்கள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. அடையாளங்கள் அதிகமாக வேறுபட்டால், அவை நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்கின்றன என்று அர்த்தம்.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இன்னோர் உதாரணமும் நினைவுக்கு வரும். நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறைகளில் வந்தவர்களைத் தோற்றத்தைக்கொண்டு பிரித்தறிய முடியவில்லை. ஷிபோலேத் என்ற ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னபோது, ஒரே ஓர் எழுத்தில் எப்பிராயீமியர் யாரென்று தெரிந்துவிட்டது. கொசுவிலும் அந்த ஓர் எழுத்தைத்தான் தேடுகிறார்கள்.

ஆரம்பத்தில் இந்த எழுத்தை நேரடியாக வாசிக்க வழியில்லை. பெண் கொசுவின் சினைப்பையிலிருந்து எடுத்த பெரிய குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி, அவற்றில் தெரியும் பட்டைகளின் வரிசையை மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டார்கள். ஏ, பி, சி, டி இனங்கள் அப்படித்தான் பிரிக்கப்பட்டன. 1983-இல் காரி முல்லிஸ் கண்டுபிடித்த பி.சி.ஆர். முறை பரவிய பிறகு வேலை எளிதாயிற்று. டி.என்.ஏ.வின் சிறு துண்டு ஒன்றை லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் நகலெடுத்து வாசிக்கும் முறை இது. இப்போது கொசுவின் ஒரு கால் போதும். அது உலர்ந்துபோன கொசுவாக இருந்தாலும் சரி.

இராமேஸ்வரம் கற்பித்த பாடம்

இந்த அறிவினால் என்ன லாபம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உத்தமமான சாட்சி இருக்கிறது. இராமேஸ்வரம் தீவில் மலேரியா விடாமல் இருந்துவந்தது. யாத்திரிகர்கள் வந்துபோகும் இடமானதால், அங்கே கொசு கடித்து ஏறும் கிருமி எந்த ஊருக்கும் பயணம் செய்யலாம். அங்கிருந்த குலிசிஃபேசீஸ் கொசுக்களைப் பிடித்துக் குரோமோசோம் பட்டைகளைப் பார்த்தபோது, அவை பி இனத்தின் பட்டைகளாகவே இருந்தன. மலேரியாவைப் பரப்பாது என்று பெயரெடுத்த பி இனம்! ஆனால் இந்தத் தீவில் அவை மனிதரைக் கடித்தன. அவற்றின் உடலில் மலேரியாக் கிருமியும் இருந்தது.

இங்கேதான் விஞ்ஞானிகளின் பொறுமையைப் பார்க்க வேண்டும். பட்டைகள் சொல்லாததை வேறோர் அடையாளம் சொல்லக்கூடும் என்று, ஆண் கொசுக்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தார்கள். அதில் இரண்டு வடிவங்கள் இருந்தன. கடிப்பது பெண் கொசு. ஒய் குரோமோசோம் இருப்பதோ ஆண் கொசுவில். ஆகவே பிடித்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனித்தனியே முட்டையிட வைத்து, பிறந்த ஆண் கொசுக்களின் ஒய் வடிவத்தைப் பார்த்து, தாய் எந்த வகை என்று தீர்மானித்தார்கள். மனிதரை நாடி மலேரியாவைச் சுமந்த தாய்க்கொசுக்கள் ஒரு வடிவத்தோடு சேர்ந்து நின்றன. அது பி இனமே அல்ல, அதுவரை பெயரில்லாத புதிய இனம் என்று 1999-இல் வெளியிட்டார்கள். அதற்கு ஈ இனம் என்று பெயர்.

யோசித்துப் பாருங்கள். "இது பி இனம், பயமில்லை" என்று முதல் அடையாளத்தோடு நிறுத்தியிருந்தால், அந்தத் தீவின் மக்கள் காய்ச்சலில் கிடந்திருப்பார்கள். மலேரியாவைச் சுமந்த கொசு தீங்கற்றது என்ற பெயரிலேயே உலாவியிருக்கும். வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஒரு பரிசோதனையோடு நின்றுவிடாமல் இரண்டாவதையும் கேட்பது எதற்காக என்பது இதிலிருந்து விளங்கும்.

கடல் கடந்த கொசு

இராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருப்பது இலங்கையின் மன்னார். இலங்கையில் உள்நாட்டில் பரவிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவாயிற்று. 2016 செப்டம்பரில் அந்நாடு மலேரியா அற்றது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. அந்தச் சந்தோஷச் செய்தி வந்த சில மாதங்களுக்குள், 2016-ஆம் ஆண்டின் முடிவில், அதுவரை இலங்கையில் அறியப்படாத ஒரு கொசு மன்னாரின் கிணறுகளில் காணப்பட்டது. மேலே நாம் சொன்ன நகரத்து மலேரியாக் கொசு, அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சிதான் அது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தக் கொசு சென்னைக்கு மிகவும் பழக்கமானது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நீண்டகாலம் சென்னையிலேயே இருந்ததற்குக் காரணம், அங்குள்ள கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் இது வளர்ந்ததுதான். பட்டு வியாபாரத்துக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்குப் போய்வரும் காஞ்சிபுரத்தாருக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

ஆப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. 2012-இல் ஜிபூட்டி நாட்டின் துறைமுக நகரத்தில் ஸ்டெஃபன்சி காணப்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் அந்த எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. 2016-இல் எத்தியோப்பியாவில் பிடிபட்ட கொசுக்களின் மரபணு எழுத்துக்களை மற்ற நாடுகளின் கொசுக்களோடு ஒப்பிட்டபோது, பாகிஸ்தானிலுள்ள கொசுக்களோடு அவை நெருங்கிய உறவுடையவையாக இருந்தன. ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசு கிராமங்களில், மழைத் தண்ணீர்க் குட்டைகளில் வளர்வது. ஆசியாவிலிருந்து வந்த இதுவோ நகரத்தின் தண்ணீர்த் தொட்டியில் வளர்கிறது. ஆகவே மழைக்காலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பூர்வீகம் தெரிவதால் இரண்டு நன்மை. முதலாவது, வந்த வழி தெரிந்தால் அந்த வழியைக் கண்காணிக்கலாம். கப்பல், துறைமுகம், சரக்கு என்று தேட வேண்டிய இடம் குறுகுகிறது. இரண்டாவது, தாய்நாட்டில் அந்தக் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்ற அனுபவம் கைகொடுக்கும். கிணற்றுக்கு வலை, தொட்டிக்கு இறுக்கமான மூடி, கிணற்றில் புழுவைத் தின்னும் மீன் என்று நம் ஊர்களில் பழகிய முறைகள் இன்று ஆப்பிரிக்காவுக்கும் தேவைப்படுகின்றன.

மருந்துக்கு மசியாத கொசு

இன்னொரு வகை அடையாளமும் உண்டு. வலையில் தோய்க்கும் மருந்தும், வீட்டில் நாம் கொளுத்தும் சுருளும் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த மருந்து கொசுவின் நரம்பிலுள்ள ஒரு வாசலில் போய் உட்கார்ந்து அதை விழச்செய்கிறது. அந்த வாசலைக் கட்டும் மரபணுவில், 1014-ஆவது இடத்தில் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டால், மருந்து அங்கே சரியாகப் பொருந்தாது. கொசு பிழைத்துக்கொள்ளும். கே.டி.ஆர். என்று இதற்குப் பெயர். இந்தியாவின் குலிசிஃபேசீஸ் கொசுக்களிலும் இது கண்டறியப்பட்டிருக்கிறது.

மாறிய துளையினால் புடவைக்கு லாப நஷ்டமில்லை என்று முன்பு சொன்னோம். இங்கே அப்படியல்ல, மருந்து அடிக்கும் ஊரில் இந்த மாற்றம் கொசுவுக்கு லாபம். மருந்துக்குச் செத்தவை போக, பிழைத்தவற்றின் பிள்ளைகளே பெருகும். ஒரு பகுதியின் கொசுக்களில் இந்த அடையாளம் எத்தனைக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்தால், பலனற்ற மருந்தை வாங்கி அடிப்பதற்குமுன் மாற்று மருந்தைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகு நோய் கூடிய பின்பு காரணம் தேட வேண்டியதில்லை.

யானைக்கால் நோயின் கடைசிப் புழு

நம் பகுதிக்கு மிக நெருக்கமானது யானைக்கால் நோய். இந்த நோய் ஒருவரைக் கொல்வதில்லை; ஆனால் வீங்கிய காலோடு தறிக்குழியில் இறங்க முடியாத நெசவாளருக்கு அது பிழைப்பைப் பறிக்கிறது. திருமணம் தடைபட்ட பெண்களும், வெட்கத்தினால் கோவிலுக்கோ ஆலயத்துக்கோ வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் உண்டு.

இதை ஒழிக்க 1990-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டிலும், 2004 முதல் நாடு தழுவிய அளவிலும், வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் நடத்தப்பட்டது. பின்பு அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. மாத்திரை இரத்தத்திலுள்ள நுண்புழுவைக் கொல்லும். போதுமான ஆண்டுகள் கொடுத்தபின் நிறுத்திவிடலாம். ஆனால் புழு உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படி அறிவது? இந்தப் புழு இரவில்தான் இரத்தத்தில் உலாவும். நள்ளிரவில் வீடுவீடாகப் போய், உறங்குகிறவர்களை எழுப்பி, விரலில் குத்தி இரத்தம் எடுப்பதுதான் பழைய முறை. மனதாரச் சம்மதிக்கிறவர்கள் குறைவு.

இங்கேயும் கொசு உதவுகிறது. அது இரவெல்லாம் வீடுவீடாகப் போய் இரத்தம் எடுத்துக்கொண்டுதானே இருக்கிறது? ஒரு தெருவில் பிடித்த க்யூலெக்ஸ் கொசுக்களை இருபது, இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து, புழுவின் டி.என்.ஏ. அடையாளம் அதில் இருக்கிறதா என்று பி.சி.ஆர். மூலம் பார்க்கிறார்கள். இருந்தால், அந்தத் தெருவில் யாரோ ஒருவர் இரத்தத்தில் புழு இன்னும் இருக்கிறது; அங்கே திரும்பவும் போக வேண்டும். 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கொசு முதலான நோய்கடத்திகளுக்கான ஆராய்ச்சி மையம் இந்த முறையைத் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பயன்படுத்தியிருக்கிறது. ஒரு மனிதரையும் ஊசியால் குத்தாமல் ஒரு தெருவின் நிலையை அறிந்துகொள்ள இது வழி செய்கிறது. இலங்கை 2016-இலேயே யானைக்கால் நோயை ஒழித்த நாடு என்ற அங்கீகாரம் பெற்றது. நாமும் பெற வேண்டும்.

சிருஷ்டியில் கைவைப்பதா?

மரபணு என்ற சொல்லைக் கேட்டவுடன் சில விசுவாசிகளுக்குக் கலக்கம் வருகிறது. தேவன் சிருஷ்டித்ததை மனிதன் மாற்றுகிறானோ என்று அஞ்சுகிறார்கள். மரபணுவை மாற்றிய கொசுக்களை வெளியே விடும் முயற்சிகள் சில நாடுகளில் நடக்கின்றன என்பது உண்மை. அதைப்பற்றிச் சபைகள் தீர யோசிப்பது நல்லது. ஆனால் இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் மாற்றுவது ஒன்றுமில்லை, எல்லாம் வாசிப்பதுதான். புடவையின் கரையைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கும், அதை அவிழ்த்து நெய்வதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று பிராணிகளுக்குப் பெயரிடுவது. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிந்து சரியான பெயர் சொல்லும் அந்த வேலை இன்னும் முடியவில்லை. 1999-இல் இராமேஸ்வரத்தில் ஒரு பெயர் கூடிற்று.

மருத்துவமனையின் பங்கு என்ன?

மிஷன் மருத்துவமனை ஆராய்ச்சி நிலையமல்ல. பி.சி.ஆர். இயந்திரத்தோடு கொசுவைத் துரத்துவது அரசாங்க நிறுவனங்களின் வேலை. ஆனால் அந்த ஆராய்ச்சி எல்லாம் கடைசியில் வந்து நிற்பது மருத்துவமனையின் வாசலில்தான். காய்ச்சலோடு வருகிறவரின் இரத்தத்தைக் கண்ணாடித்தகட்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் லேப் டெக்னீஷியன் ஒருவர் கவனமாக இல்லாவிட்டால், எந்தக் கொசு எந்தக் கிருமியைக் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. "சமீபத்தில் எந்த ஊருக்குப் போயிருந்தீர்கள் ஐயா?" என்று செவிலியர் கேட்கும் ஒரு கேள்வி, புதிதாக ஒரு நோய் ஊருக்குள் நுழைவதை முதல் நாளிலேயே காட்டிக்கொடுக்கும். பிறகு சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுப்பது நம் கடமை.

வீங்கிய கால்களை இரண்டு வேளையும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்திடப் பழக்கிக்கொடுப்பதும் ஊழியமே. ஏற்கெனவே வந்த வீக்கத்தை மரபணு ஆராய்ச்சி குறைக்காது. பொறுமையுள்ள கைகள்தான் அந்த வேதனையைக் குறைக்கும்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிறதா என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். அது இரத்தப் பரிசோதனைக்கும், மருந்துக்கும், காலைக் கழுவும் சோப்புக்கும் போகிறது. ஆனால் அந்த மருந்து சரியான நோய்க்குச் சரியான நேரத்தில் கிடைப்பதற்கு, எங்கோ ஒருவர் கொசுவின் ஒரு காலை வைத்துக்கொண்டு அதன் பூர்வீகத்தைத் தேடுகிறார். அவருக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. மேல்நிலைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் கொசு நுழையாத மூடி போடுங்கள். ட்ரம்மையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள்; முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தறிக்குழியைச் சுத்தமாக வைத்து, மாலை வேளையில் காலை மூடிக்கொண்டு நெய்யும்படி உங்கள் சபையிலுள்ள நெசவாளர்களுக்குச் சொல்லுங்கள்.

ஜெபக் குறிப்புகள்

1. யானைக்கால் நோயினால் வீட்டுக்குள் முடங்கியிருக்கும் சகோதர சகோதரிகள் வெட்கமின்றிச் சிகிச்சைக்கு வரும்படி ஜெபியுங்கள்.

2. மருத்துவமனையின் லேப் பணியாளர்களும் செவிலியர்களும் சோர்ந்துபோகாமல், ஒவ்வொரு பரிசோதனையையும் கவனத்தோடு செய்யும்படி ஜெபியுங்கள்.

3. வயல்களிலும் சாக்கடை ஓரங்களிலும் இரவில் கொசு பிடிக்கும் சுகாதாரப் பணியாளர்களின் பாதுகாப்புக்காகவும், நோயின் மூலத்தைத் தேடும் விஞ்ஞானிகளின் ஞானத்துக்காகவும் ஜெபியுங்கள்.

4. ஆப்பிரிக்க தேசங்களில் புதிய கொசுவினால் மலேரியாவுக்கு ஆளாகும் நகரத்து ஏழைகளையும், அங்கே அவர்களுக்குப் பணிசெய்யும் மிஷன் மருத்துவமனைகளையும் நினைத்து ஜெபியுங்கள்.

 கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்,
காஞ்சிபுரம்